நமதல்லாத துயரும் நமது கடமையும்

இறந்தோரை நினைத்தல் மனித குலத்தின் பழம்பெரும் பண்பு. தந்தையின் கபுறடியில் நின்று மகன் கையேந்துகிறான். பாட்டனார் நட்ட மரத்தைக் காட்டிப் பேரனுக்கு அவர் கதையைச் சொல்கிறோம். இதில் வியப்பேதும் இல்லை. உறவு நினைவை வளர்க்கிறது. நினைவு உறவை நிலைநிறுத்துகிறது. ஆனால், தனக்கு உறவல்லாத, தன் மொழி பேசாத, தன் மார்க்கத்தைச் சாராத, தான் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே மாண்டுபோன அந்நியர்களை ஓர் இளைஞன் நினைக்கத்தான் வேண்டுமா? நினைக்குமாறு அவனிடம் கேட்பதற்கு எவருக்கேனும் உரிமை உண்டா? அவன் நினைத்தாலும் அந்நினைவு உண்மையானதாக இருக்க இயலுமா?

இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றொழித்தனர். அக்கொடுமையைக் கண்ணால் கண்டு உயிர் தப்பியோர் இன்று மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அன்று குழந்தையாக இருந்தவர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கிறார். அவர்களும் மறைந்தபின், அந்த வரலாற்றை ஏந்தி நிற்க வேண்டியவர்கள் அதைக் காணாதவர்களே. ஆகவேதான் ஐரோப்பாவிலும் அதற்கு அப்பாலும் நாடு கடந்து இளைஞர்களை ஒன்றுகூட்டி, யூதர்களின் வாழ்வையும் அழிவையும் கற்பிக்கும் முயற்சிகள் பலவாறாக நடைபெறுகின்றன.

அவ்விளைஞர்களிடமிருந்து மூன்று மறுப்புகள் எழுகின்றன. “நான் குற்றம் புரியவில்லையே” என்பது முதலாவது. “அது என் துயரம் அன்று, அதை நான் சுமப்பது பாசாங்கு ஆகாதா?” என்பது இரண்டாவது. “என் மக்களின் துயரத்தை யார் நினைக்கிறார்கள்?” என்பது மூன்றாவது. மூன்றும் நேர்மையான வினாக்களே. அவற்றை அதட்டி அடக்குவது அறிவுடைமை ஆகாது. விடை தேடுவதே முறை.

லூப்ளின் நகரத்துக் கடிதங்கள்

கிழக்குப் போலந்தில் லூப்ளின் என்றொரு நகரம் உண்டு. 1939இல் போர் மூண்டபோது அங்கு வாழ்ந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், ஏறத்தாழ 43,000 பேர், யூதர்கள். பதினாறாம் நூற்றாண்டிலேயே எபிரேய நூல்கள் அச்சேறிய ஊர் அது. 1930இல் அங்கே திறக்கப்பெற்ற பெரிய மதக் கல்லூரிக்குப் பல ஊர்களிலிருந்தும் மாணவர்கள் வந்து குழுமினர். நகரின் கோட்டையைச் சுற்றிலும் யூதத் தெருக்கள் நெருங்கிக் கிடந்தன. கிறித்தவர் பகுதிக்கும் யூதர் பகுதிக்கும் நடுவே நின்ற க்ரோட்ஸ்கா வாயிலை மக்கள் ‘யூதர் வாயில்’ என்றே அழைத்தனர்.

1942 மார்ச் 16 அன்று இரவு, அங்கிருந்த யூதர்களைக் கூட்டங் கூட்டமாகப் பெல்ஜெட்ஸ் கொலைக்களத்துக்கு ஏற்றிச் செல்லும் பணி தொடங்கிற்று. சில வாரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. பின்னர் வீடுகளும் இடிக்கப்பட்டன. போருக்குப்பின் அவ்விடத்தில் ஒரு பெருந்திடல் எழுந்தது. அதன் வழியே நடப்போருக்குத் தங்கள் காலடியில் ஓர் ஊரே புதைந்து கிடப்பது தெரியாமற்போயிற்று.

1990களில் ஒரு நாடகக் குழுவினர் பாழடைந்து கிடந்த அந்த வாயிலைத் தங்கள் இருப்பிடமாக்கிக் கொண்டனர். அவர்கள் யூதர்கள் அல்லர். வாயிலுக்கு அப்பால் யார் வாழ்ந்தனர் என்று தேடத் தொடங்கிய அவர்கள், வீடுவீடாக, பெயர் பெயராகத் தகவல் திரட்டினர். அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 43,000 யூதர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்தனர். அக்கோப்புகளில் பலவற்றுள் இன்றளவும் எழுத ஒன்றுமில்லை.

அந்நகரத்துப் பள்ளிச் சிறார் ஆண்டுதோறும் ஏப்ரல் 19 அன்று ஒரு சிறுவனுக்குக் கடிதம் எழுதுகின்றனர். அவன் பெயர் ஹெனியோ ஷிட்டோமிர்ஸ்கி. 1933இல் லூப்ளினில் பிறந்தவன். ஆண்டுதோறும் அவனைப் புகைப்படம் எடுத்து வைத்தது அவன் குடும்பம். இறுதிப் படம் 1939 ஜூலையில் எடுக்கப்பட்டது. வங்கிக் கட்டடமொன்றின் வாசலில் சிரித்தபடி நிற்கும் ஆறு வயதுச் சிறுவன் அதில் தெரிகிறான். 1942இல், ஒன்பது வயதில், நகரின் ஓரத்திலேயே அமைந்த மய்தானெக் முகாமில் அவன் கொல்லப்பட்டான். பள்ளிச் சிறார் எழுதும் கடிதங்கள் அவன் வாழ்ந்த பழைய விலாசத்துக்கு முறைப்படி அஞ்சல் செய்யப்படுகின்றன. சில நாட்களில், விலாசதாரர் அறியப்படாதவர் என்ற குறிப்போடு அவை எழுதியவர் கைக்கே திரும்பி வருகின்றன.

இச்செயலில் அடங்கியுள்ள அறநுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அச்சிறார்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அழுமாறு கட்டளையிடவில்லை. ஹெனியோவாக நடிக்குமாறும் கூறவில்லை. ஒருவனுக்குக் கடிதம் எழுத வேண்டுமாயின் அவன் யார், எங்கு வாழ்ந்தான், எதை விரும்பியிருப்பான் என்று சிறிதேனும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். அவ்வெண்ணமே முதற்பாடம். திரும்பி வரும் உறை இரண்டாம் பாடம். அறுபது லட்சம் என்னும் எண் அறிவுக்கு எட்டாதது. பதில் வாராத ஒரு கடிதமோ பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

பழியும் கடனும்

முதல் மறுப்புக்கு வருவோம். குற்றம் புரியாத தலைமுறைக்கு இந்த நினைவை ஏன் சுமத்த வேண்டும்?

ஒருவன் செய்த பழி அவன் மகனைச் சாராது என்பது நாம் ஐயமின்றி ஏற்கும் நீதி. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது நம் நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. ஆனால் பழி வேறு, கடன் வேறு. தந்தை இறந்தால் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து முதலில் அவருடைய கடனைத் தீர்த்தபின்னரே வாரிசுகள் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நம் சட்டம் விதிக்கிறது. கடன் வாங்கிய குற்றம் மகனுடையது அன்று. சொத்தின் அளவைத் தாண்டி அவன் கொடுக்கக் கடமைப்பட்டவனும் அல்லன். எனினும், ‘வீடு எனக்கு வேண்டும், அவ்வீட்டின் மீதுள்ள கடன் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவனுக்கில்லை. தேசங்களின் வரலாறும் அத்தகையதே. முன்னோர் கட்டிய பள்ளிகளையும் சாலைகளையும் பெயர்ப்பெருமையையும் பெற்றுக்கொள்ளும் தலைமுறை, அவர்கள் தீர்க்காமல் விட்டவற்றையும் சேர்த்தே பெறுகிறது.

இதனைத் தெளிவாக உணர்ந்த ஜெர்மானியர் ஒருவர் லோத்தர் க்ரைஸிக். நீதிபதியாக இருந்த அவர், 1940இல் மனநலம் குன்றியோரும் ஊனமுற்றோரும் அரசாலேயே கொல்லப்படுவதை எதிர்த்துக் குரல் கொடுத்துப் பதவியை இழந்தவர். 1958இல் ஜெர்மன் திருச்சபை மாநாட்டில் அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதன் விளைவாகப் பிறந்த அமைப்பு, போரில் ஜெர்மனியால் துன்புற்ற நாடுகளுக்கு ஜெர்மானிய இளைஞர்களைத் தொண்டு செய்ய அனுப்பிற்று. நார்வேக்கும் நெதர்லாந்துக்கும், பின்னர் இஸ்ரேலுக்கும் போலந்துக்கும் அவர்கள் சென்றனர், இன்றும் செல்கின்றனர். முதியோர் இல்லங்களில் பணிவிடை செய்கின்றனர், நினைவிடங்களைப் பேணுகின்றனர்.

க்ரைஸிக் விடுத்த வேண்டுகோளின் தொனி சிந்திக்கத் தக்கது. ‘மன்னிப்புத் தாருங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. ‘நாங்கள் உதவ வருகிறோம்’ என்று பெருமிதத்தோடு அறிவிக்கவும் இல்லை. துன்புற்ற மக்களிடம் தங்கள் கைகளால் ஏதேனும் நன்மை செய்ய அனுமதி கோரினார். அனுமதி கோருபவன் மறுக்கப்படவும் ஆயத்தமாக இருக்கிறான். கடனை உணர்ந்தவனின் அடக்கம் அது.

எல்லோர் மீதும் விழும் கடமை

எனினும் இந்த நியாயம் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. ஜெர்மானிய இளைஞனுக்குக் கடன் உண்டு. லூப்ளின் மாணவனுக்கு அவன் நடக்கும் மண்ணின் உறவு உண்டு. தொலைதூரத்தில், அந்தச் சொத்திலும் பங்கில்லாமல் அந்தக் கடனிலும் பங்கில்லாமல் பிறந்தவனுக்கு என்ன உண்டு?

இங்கே நம் மார்க்கச் சட்டத்தின் மற்றொரு கருத்து கைகொடுக்கிறது. மையித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுவித்து, அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா. சமுதாயத்தில் சிலர் அதனை நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பினின்று விடுபடுவர். எவருமே நிறைவேற்றாவிடின் எல்லோரும் குற்றவாளிகள் ஆவர். உறவினர் இருக்கும்போது அது உறவினர் கடமை. உறவினர் இல்லையேல் அண்டை வீட்டார் கடமை. வழியில் அநாதையாகக் கிடக்கும் உடலோ, அதனைக் கண்டெடுத்தவர் கடமை. இதனை இங்கே ஒரு சட்டத் தீர்ப்பாக நாம் முன்வைக்கவில்லை. அதனுள் உறையும் நியாயத்தையே எடுத்துக் கொள்கிறோம். அருகிலிருப்போர் இல்லாதபோது கடமை அழிவதில்லை; அது அடுத்த வட்டத்துக்கு நகர்கிறது.

சாதாரண மரணத்தில், இறந்தவரை நினைக்கப் பிள்ளைகள் எஞ்சுவர். போரில்கூட ஊரில் யாரேனும் எஞ்சுவர். இனவழிப்பின் தனிக்கொடுமை யாதெனில், அது நினைக்கப்பட வேண்டியவர்களோடு நினைக்க வேண்டியவர்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. தாயும் தந்தையும் மகனும் அண்டை வீட்டாரும் பள்ளி ஆசிரியரும் ஒரே இரயிலில் ஏற்றப்பட்டால், எந்த வீட்டில் யார் இருந்தார் என்று சொல்வதற்கே ஆளில்லை. லூப்ளின் கோப்புகளில் பல வெறுமையாக இருப்பதன் காரணம் இதுவே. அருகிலிருந்த வட்டங்கள் அனைத்தும் அழிந்துவிட்ட இடத்தில் அக்கடமை அந்நியர்களின் வாசலுக்கு வந்து நிற்கிறது. அந்நியனாக இருப்பது அதனைத் தட்டிக் கழிக்கும் காரணம் ஆகாது. அவனையன்றி வேறொருவர் இல்லை என்பதே அவனை அழைக்கும் காரணம்.

மொராக்கோவின் இஃப்ரான் நகரப் பல்கலைக்கழகத்தில் 2007இல் முஸ்லிம் மாணவர் சிலர் ஒரு சங்கம் அமைத்தனர். பஸ்கா விழாவின் முடிவில் மொராக்கோ யூதர்கள் கொண்டாடும், முஸ்லிம் அயலாரும் பண்டங்களோடு வந்து கலந்துகொண்ட ‘மிமூனா’ என்னும் பண்டிகையின் பெயரையே அச்சங்கத்துக்குச் சூட்டினர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்த நாடு மொராக்கோ. பின்னர் அவர்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கும் பிரான்ஸுக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்துவிட, எஞ்சியோர் ஒரு சில ஆயிரம் பேர்தாம். தாத்தா பாட்டிமார் வாய்மொழியில் மட்டும் யூத அயலாரைக் கேட்டறிந்த தலைமுறை, அந்த அயலார் யார் என்று அறிய முற்பட்டது. 2011இல் அம்மாணவர்கள் யூதப் பேரழிவு குறித்துத் தங்கள் பல்கலைக்கழகத்திலேயே ஒரு மாநாட்டையும் நடத்தினர். எவரும் கட்டாயப்படுத்தாமல், எவருக்கும் கடன்படாமல் எழுந்த முயற்சி அது.

நிற்பதும் நடிப்பதும்

இரண்டாம் மறுப்பு மேலும் நுட்பமானது. பிறர் துயரை நினைப்பவன் அதைத் தனதாக்கிக் கொள்ளும் ஆபத்து உண்டு. வதைமுகாம்களைக் காணச் செல்லும் சுற்றுலாக் கூட்டங்களில், தண்டவாளத்தின்மீது நின்று சிரித்தபடி புகைப்படம் எடுத்துக்கொள்வோரும் உளர். பிறர் காண அழுவோரும் உளர். இரண்டிலும் மாண்டவன் மறைந்து, வந்தவனே முன்னிற்கிறான்.

நம்மவர்க்கே உரிய மற்றோர் ஆபத்தும் உண்டு. அல்பேனிய முஸ்லிம் குடும்பங்கள் யூதர்களுக்கு அடைக்கலம் தந்ததும், சரயேவோ அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தர்வீஷ் கோர்குத் 1942இல் யூதர்களின் அரிய கையெழுத்துச் சுவடியொன்றை நாஜிகளிடமிருந்து காத்ததும் வரலாறு. இவற்றைச் சொல்லி நாம் மகிழ்வது இயல்பே. ஆனால், யூதர்களின் பேரழிவை நம்மவர் காத்த சிலரின் கதை வழியாக மட்டுமே நாம் அறிவோமாயின், நாம் நினைப்பது யூதர்களை அன்று, நம்மையேதான்.

அவ்வாறே, ஒருவர் எப்படி மாண்டார் என்பதை மட்டும் அறிந்தவன் அவரை அறிந்தவன் ஆகமாட்டான். லூப்ளினின் அச்சுக்கூடங்களும், கல்விக்கூட விவாதங்களும், கடைவீதிப் பேரங்களும், கல்யாணப் பாட்டுகளும் யூதர்களின் வரலாறே. கொலைகாரன் அவர்களைப் பிணங்களாக மட்டுமே கண்டான். அவன் கண்களால் நாமும் காண்போமாயின், கற்பிக்கும் கல்வி எவ்வளவு உயர்ந்ததாயினும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

அப்படியாயின் முறையான நினைவு எத்தகையது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னே ஒரு ஜனாஸா சென்றபோது அவர்கள் எழுந்து நின்றார்கள் என்றும், அது ஒரு யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரே என்பதை ஒரு வினாவாலேயே உணர்த்தினார்கள் என்றும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் காதிஸிய்யாவில் தோழர்கள் இருவர், தங்கள் மார்க்கத்தைச் சாராத அவ்வூரார் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்று, அந்நிகழ்ச்சியையே சான்றாகக் கூறினர். ஒரு நாட்டில் கண்ட பண்பை வேறொரு நாட்டில், வேறொரு மக்களிடத்தில் அவர்கள் கடைப்பிடித்தனர்.

எழுந்து நிற்பது எவ்வளவு சிறிய செயல்! அதில் ஓலமில்லை, உரிமை கொண்டாடுதல் இல்லை, இறந்தவரைத் தம்மவராக மாற்றும் முயற்சியும் இல்லை. ஆனால் அமர்ந்திருந்தவர் தம் நிலையிலிருந்து பெயர்கிறார். ஓர் உயிர் கடந்து சென்றதைத் தம் உடலால் ஒப்புக்கொள்கிறார். நமதல்லாத துயரின் முன் நமக்கு உரிய இடம் அதுவே. கடந்து போகவும் கூடாது. உள்ளே புகுந்து தலைமாட்டில் அமரவும் கூடாது.

துயரைத் துயரால் அளத்தல்

மூன்றாம் மறுப்பே மிகக் கடுமையானது. வாசகர் பலரின் உள்ளத்தில் இதற்குள் எழுந்திருக்கக் கூடியது. 1948இல் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனியர் வீடும் நிலமும் இழந்து அகதிகளாயினர். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதும், அதனைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரம் மக்கள், குழந்தைகள் உட்பட, மாண்டதும் நம் கண்முன் நிகழ்ந்தவை. இந்நிலையில் யூதர்களின் பேரழிவை நினைக்கச் சொல்வது, பாலஸ்தீனியரின் துயரை மறைக்கும் திரையாகிவிடாதா?

இவ்வினாவைத் தம் வாழ்க்கையாலேயே எதிர்கொண்டவர் ஜெருசலேமின் அல்குத்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த முஹம்மத் தஜானி. ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தார் வகுத்த திட்டமொன்றின்படி, 2014 மார்ச் மாதத்தில் பாலஸ்தீன மாணவர் சுமார் முப்பது பேரை அவர் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அழைத்துச் சென்றார். அதே திட்டத்தில் இஸ்ரேலிய மாணவர்கள் பெத்லஹேம் அருகேயுள்ள தஹைஷா அகதி முகாமுக்குச் சென்று பாலஸ்தீனியரின் துயரைக் கேட்டறிந்தனர். திரும்பிவந்த தஜானியைத் துரோகி எனத் தூற்றினர். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகம் அப்பயணத்தோடு தனக்குத் தொடர்பில்லை என்றது. அவர் பதவி விலக நேர்ந்தது. 2015 ஜனவரியில் அவருடைய கார் தீயிட்டுக் கொளுத்தப்பட்டது.

அவரைத் தூற்றியோரின் வேதனையை நாம் எளிதாகப் புறந்தள்ளலாகாது. ஆக்கிரமிப்பின்கீழ் வாழ்பவனிடம், ஆள்பவனின் முன்னோர் பட்ட துயரை நினைக்கச் சொல்வது மிகப் பெரிய கோரிக்கை. அதனை நிறைவேற்றாதவனைக் குறைகூறும் தகுதி பாதுகாப்பான தூரத்தில் வாழும் நமக்கு இல்லை. ஆயினும் அக்கோரிக்கையை ஏற்றவர்கள் எதனை ஏற்றனர் என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். ஆஷ்விட்ஸில் நின்ற பாலஸ்தீன மாணவன் தன் நிலத்தின்மீதுள்ள உரிமையில் ஒரு சாணையும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்த அரசின் எந்தச் செயலையும் நியாயப்படுத்தவில்லை. கொல்லப்பட்டவர் கொல்லப்பட்டார் என்பதை ஒப்புக்கொண்டான், அவ்வளவே.

1942இல் மாண்ட ஹெனியோ, ஆறாண்டுகள் கழித்துத் தோன்றிய எந்த அரசுக்கும் சாட்சியாக வரமாட்டான். அவனைச் சாட்சிக்கு அழைத்துத் தம் கொடுமையை மூடி மறைப்போர் அவனுக்கே தீங்கிழைக்கின்றனர். அவர்கள்மீதுள்ள வெறுப்பினால் அவனை மறுப்போரும் அவனுக்கே தீங்கிழைக்கின்றனர். இரு சாராரும் அவனை ஒரு கருவியாக்குகின்றனர். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதைவிட மேலான மரியாதை உரியது.

மேலும், நினைவு பேரேட்டில் எழுதும் வரவு செலவு அன்று. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைவதற்கு. ‘முதலில் என் துயரை நீ நினை, பிறகு உன் துயரை நான் நினைக்கிறேன்’ என்று இருவரும் காத்திருந்தால் இருவர் துயரும் நினைப்பாரற்றுப் போகும். யூதக் குழந்தையின் மரணத்தை உள்ளபடி உணர்ந்தவன், காஸாவின் குழந்தையின் மரணத்தைக் கண்டு பேசாதிருக்க இயலாது. அவ்வாறு பேசாதிருப்பானாயின் அவன் கற்றது வரலாறு அன்று, கட்சி. இவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும். காஸாவுக்காகக் கலங்கும் நம் கண், லூப்ளினுக்காகக் கலங்க மறுக்குமாயின், நாம் எதற்காகக் கலங்குகிறோம் என்று நம்மை நாமே வினவிக்கொள்வது தகும்.

நம் கரையிலும் ஒரு சான்று

யூதர் என்னும் பெயர் நம் தென்னகக் கரைக்குப் புதிதன்று. கி.பி. 849இல் கொல்லத்துத் தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட செப்பேட்டில் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் அருகருகே காணப்படுகின்றன. முஸ்லிமும் பார்சியும் யூதரும் ஒரு கிறித்தவக் கோயிலின் உரிமைக்குச் சாட்சி நின்றனர். தம்முடையதல்லாத ஒன்றுக்காகச் சாட்சியம் அளிப்பது இக்கரையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம் என்பதற்கு அச்செப்பேடே ஆதாரம்.

சாட்சிக்கு நிற்பவன் வழக்காளியும் அல்லன், பிரதிவாதியும் அல்லன். அவனுக்கு அதில் ஆதாயமும் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தது என்று சொல்வதற்காகவே அவன் நிற்கிறான். நிகழ்ந்ததைக் கண்டோர் மறைந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், காணாதவர்களான இளைஞர்கள் கற்றறிந்து அந்த இடத்தில் நிற்க வேண்டியுள்ளது. எல்லோரும் லூப்ளினுக்கோ ஆஷ்விட்ஸுக்கோ செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. ஒரு பெயரையேனும் முழுமையாக அறிந்து வைப்பதும், பொய்யுரைப்போர் முன் அதைச் சொல்வதும் போதும். சிலர் அதனைச் செய்யும்வரை ஏனையோர் பொறுப்பினின்று விடுபட்டவர்கள். அந்தச் சிலரும் இல்லாமற்போகும் நாளில் அக்கடன் நம் ஒவ்வொருவர் மீதும் முழுமையாக நிற்கும்.